ரப்பரின் பிசுபிசுப்போடு மல்லுக்கட்டிய சார்ல்ஸ் குட்இயர்

குட்இயர் என்றதும் உங்களுக்கு டயர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த டயர் நிறுவனத்தை அவர் பார்த்ததே இல்லை. அவர் வாழ்க்கையே வேற கதை.

யார் இவர்?

1800இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துப்போனது. கடனுக்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1834இல் அவருடைய கவனம் ரப்பர் பக்கம் திரும்பியது.

அன்றைய ரப்பரில் என்ன கோளாறு?

வெயில் காலத்தில் இளகிக் கையில் ஒட்டிக்கும். குளிர் காலத்தில் கட்டையாக விறைத்துவிடும். ரப்பரின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலி மாதிரி; சூடேறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். குட்இயர் எதையெதையோ கலந்து பார்த்தார். அரசாங்கத்துக்குச் செய்த தபால் பைகளும் இளகிப்போயின. குடும்பம் வறுமையில் தவித்தது.

விடை எப்படிக் கிடைத்தது?

1839இல் மசாசூசெட்ஸின் வோபர்ன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. அது உருகவில்லை; தோல் மாதிரி கருகியது. கந்தகம் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போட்டிருந்தது. பிசுபிசுப்பு போய்விட்டது!

1844இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிரிட்டனில் தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். 1860இல் குட்இயர் இறந்தபோது கடன் சுமார் 200,000 டாலர். 1898இல் வேறொருவர் தொடங்கிய டயர் நிறுவனம், அவர் நினைவாக அந்தப் பெயரை வைத்துக்கொண்டது.

அப்படின்னா பிசுபிசுப்பு வேண்டாத ஒன்றா?

இல்லை. டயரைப் பல அடுக்குகளாக அடுக்கித்தான் செய்கிறார்கள். சூடேற்றும்வரை அடுக்குகள் நழுவக்கூடாது. செயற்கை ரப்பருக்கு ஒட்டும் குணம் குறைவு. அதனால் ஒட்டுப் பிசினைக் கலக்கிறார்கள். பைன் மரத்திலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் அது கிடைக்கிறது.

பிசினின் மூலக்கூறுகள் சிறியவை. மெதுவாக அழுத்தினால் ரப்பரை இளக்கிப் பரவவிடும். வெடுக்கென்று இழுத்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பயன்படுத்தும் பல ஒட்டு டேப்புகளிலும் இதே வேலைதான்.

அடுக்கிய டயரைப் பிறகு அச்சில் வைத்துச் சூடேற்றுவார்கள். அப்போது கந்தகம் பாலம் போட, எல்லா அடுக்கும் ஒரே உடம்பாகிவிடும். குட்இயர் ஆயுள் முழுக்க விரட்டிய பிசுபிசுப்பும், அவர் கண்டுபிடித்த மருந்தும் இன்று ஒரே டயருக்குள் இருக்கின்றன.