நான்கு நொடியில் ஒரு தியாகம்

பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கும் நாள்களில், கரை திரும்பும் படகுகளுக்கு அது ஆபத்தான வழி. படகு கவிழ்ந்தால், விழுந்தவர் எந்தக் குப்பம், என்ன உறவு என்று விசாரிக்க நேரம் இராது. அருகில் இருப்பவர் குதித்தாக வேண்டும். மகிமை மாதாவின் பாதுகாவலில் வாழும் நம் மீனவ மக்கள் அறிந்த பாடம் இது. அதே பாடத்தைப் போர்க்களத்தில் வாழ்ந்து காட்டிய ஒருவரை இன்று நினைவுகூருவோம்.

சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரம் அருகிலுள்ள கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். அந்நாளில் அவருடைய ஊரும் நம் பழவேற்காடும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1780 இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் அவர் பணியாற்றினார். பாலம் கட்டுவதும் பாதை அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் இப்படையின் வேலை. இவ்வீரர்களைத் தம்பி என்றே அன்போடு அழைப்பார்கள்.

இரண்டாம் உலகப்போர் அவரை இத்தாலிக்குக் கொண்டு சென்றது. 1944 பிப்ரவரி 15 அன்று, புனித பெனடிக்ட் நிறுவிய மோந்தே கசினோ துறவு மடம் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் இடிந்து விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, மிஞ்ஞானோ அருகே சுபேதாரும் தோழர்களும் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது, வெடி ஒன்று முடுக்கப்பட்டது.

அவ்வகை வெடி காலில் தட்டிய ஏறக்குறைய நான்கு நொடியில் இடுப்பளவு எழும்பிச் சிதறும்; சுற்றி நிற்போர் தப்புவது அரிது. இதை அறிந்த சுபேதார் ஓடவில்லை. வெடியின் மேலேயே விழுந்து, தம் உடலால் அதை மூடினார். அவர் இறந்தார், தோழர்கள் பிழைத்தனர்.

எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத வேளையில் காட்டும் உயரிய வீரத்திற்காக 1940 இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் சிலுவை விருது, அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அவரது உடல் ஊர் திரும்பவில்லை.

அது அந்நிய ஆட்சியினர் நடத்திய போர். ஆயினும் அவர் உயிர் கொடுத்தது உடன் நின்றவர்களுக்காக. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். நல்ல சமாரியரும் வேற்று மக்களைச் சேர்ந்தவரே என்பதை நாம் மறக்கலாகாது. நற்செய்தியைக் கேட்கும் நாம் அண்டை வீட்டாரின் துன்பத்தில் எத்தனை முறை ஒதுங்கிப் போகிறோம்?

நான்கு நொடியில் எவரும் புதிதாக அன்பு செய்யக் கற்றுக்கொள்ள முடியாது. அன்றாடம் சிறு சிறு உதவிகளில் பழகிய மனமே ஆபத்தில் முந்திக்கொள்ளும். அத்தகைய மனத்தை இறைவனிடம் கேட்போம்.