எடித் கிளார்க் அம்மையார்

புயற்காற்றில் மின்சாரம் நின்றுவிட்டால் நாம் மெழுகுவர்த்தியைத் தேடுகிறோம். காட்டிலும் மலையிலும் செல்லும் மின்கம்பியில் எவ்விடத்தில் பழுது நேர்ந்தது என்று தேடுவோரை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தத் தேடலில் இன்றும் கைகொடுக்கும் கணக்கு முறை ஒன்றைத் தந்தவர் ஒரு பெண்மணி.

எடித் கிளார்க் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1883-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மர். பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். பெற்றோர் வழியில் கிடைத்த பணத்தை வைத்து வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் பயின்று 1908-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். ஆனால் அவர் மனம் நாடியது பொறியியலை.

அந்நாளில் 'கம்ப்யூட்டர்' என்றால் இயந்திரமன்று. நாள் முழுதும் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். தொலைபேசி நிறுவனம் ஒன்றில் இவ்வேலையில் சேர்ந்த எடித், பின்னர் அத்தகைய பெண்கள் குழுவுக்கே தலைவியானார். அத்துடன் அமையாமல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, 1919-இல் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

பட்டம் கிடைத்தது, பொறியாளர் வேலை கிடைக்கவில்லை! ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1920-இல் அவரை மீண்டும் கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளராகவே அமர்த்தியது. மறு ஆண்டே அவர் கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்குக் கப்பலேறி, அங்குள்ள மகளிர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். 1922-இல் திரும்பியபோது அதே நிறுவனம் அவரைப் பொறியாளராகவே ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில், நீண்ட மின்பாதைகளின் கடினமான சமன்பாடுகளை வரைபடத்தைக் கொண்டு விரைவில் தீர்க்கும் கருவி ஒன்றையும் அவர் அமைத்திருந்தார். 1925-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சலிப்பூட்டும் கணக்கிலேயே உழன்றவருக்குத்தானே அதைக் குறைக்கும் வழி தோன்றும்!

1926-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் ஆய்வுரை வழங்கிய முதல் பெண் என்ற சிறப்பும் அவரைச் சேர்ந்தது. 1943-இல் அவருடைய பெரு நூலின் முதற்பகுதி வெளிவந்தது. அதில் விளக்கப்பட்ட முறையே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளும் ஒன்றையொன்று பாதிப்பவை; ஆகவே ஒன்றைத் தனியே பிரித்துக் கணக்கிட முடியாது. பின்னிக் கிடக்கும் அந்த மூன்று அளவுகளையும் ஆல்பா, பீட்டா, சுழி எனத் தனித்தனியே கையாளக்கூடிய மூன்றாக மாற்றித் தருவதே அம்முறை.

1947-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனார். அந்நாட்டில் மின்பொறியியல் பேராசிரியையாக அமர்ந்த முதல் பெண்மணி அவர். பின்னர் ஓய்வு பெற்று, 1959 அக்டோபர் 29 அன்று மறைந்தார்.

பழுது தேடும் கலையில் பெரிய மாறுதல் அதன் பிறகே வந்தது. தொலைவிலுள்ள மின்நிலையங்களின் அளவுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் கருவி 1988-இல் வர்ஜீனியாவில் உருவாயிற்று. செயற்கைக்கோள் வழியே கடிகாரங்களை ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒத்துப்போகச் செய்யலாம் என்றானபின், பழுது எழுப்பும் மின்னலையின் வருகையையே குறித்துக்கொள்ளும் கருவிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. மின்னல் தாக்கினாலும் மரம் சாய்ந்தாலும் அவ்வலை பாதையின் இரு முனைகளுக்கும் பாயும். அதில் நிலத்தின் வழியே திரும்பும் பகுதி வேகம் குன்றி மங்கிவிடும். ஆல்பா, பீட்டா பகுதிகளோ ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் தெளிவாக வந்து சேரும். அவற்றைப் பிரித்தெடுக்க உதவுவது எடித் அம்மையாரின் கணக்கே.

200 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். அலை இரு முனைகளையும் ஒரே கணத்தில் அடைந்தால் பழுது நட்ட நடுவில். ஒரு முனையை, நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முன்னதாக அடைந்தால்? அந்நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு 30 கிலோமீட்டர். அதில் பாதி 15. ஆகவே நடுவிலிருந்து அம்முனைப் பக்கமாக 15 கிலோமீட்டர் தள்ளி, அதாவது அம்முனையிலிருந்து 85-ஆவது கிலோமீட்டரில், பணியாளர்கள் ஏணியுடன் சென்று இறங்கலாம்.