பராந்தக சோழனும் நம் ஊர்த் தோட்ட வாரியமும்

கி.பி. 907-ல் தந்தை ஆதித்த சோழனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் முதலாம் பராந்தகன். சில வருடங்களிலேயே மதுரையைப் பிடித்து, 'மதுரை கொண்ட' என்று பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டான். தோற்ற பாண்டியன் இராசசிம்மன் தன் முடியை இலங்கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். பராந்தகன் படை அனுப்பியும் அது கைக்குக் கிடைக்கவில்லை. தில்லைக் கூத்தனுக்குப் பொன் வேய்ந்தவனும் இவனே. பள்ளிப் புத்தகம் இவ்வளவோடு முடித்துக்கொள்ளும்.

எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர் விஷயம். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி இவன் காலத்தது. இவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் பேச்சுவழக்கில் வீராணம் ஆயிற்று. இளவரசன் இராசாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டியதாகச் சொல்வார்கள்.

நம் உத்திரமேரூரின் வைரமேக தடாகம் அதற்கும் முந்தியது, பல்லவர் காலத்து ஏரி. அதைக் கவனிக்க ஆள் யார், எத்தனை நாளைக்கு என்பதைப் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் ஊர்ச் சபை கூடி முடிவு செய்தது. அரசனின் அதிகாரி கூடவே உட்கார்ந்திருந்தார். முதல் ஏற்பாட்டை இரண்டே வருடத்தில் திருத்த வேண்டி வந்தது என்றால், நடுவில் என்ன ரகளை நடந்திருக்கும் என்று சங்கப் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்!

30 குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொன்றிலும் தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த 30 பேரில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். ஆகவே இன்றைய ஜனநாயகத்தோடு இதைச் சமமாக வைப்பது கொஞ்சம் அதிகம். ஆனால் ஒரு விதி அபாரம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய சகோதரர், மாமனார், மைத்துனர், மருமகன் பெயரைக்கூடக் குடத்தில் போடக் கூடாது. வங்கியில் தணிக்கைக்குப் பயந்தே காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்ததும் எழுந்து நிற்கத் தோன்றியது.

அதே காலத்தில், 936-ல், ஸ்பெயின் தேசத்துக் கொர்தோபா அருகே மூன்றாம் அப்துர் ரஹ்மான் என்ற அரசர் குளங்களும் தோட்டங்களுமாக ஓர் அரண்மனை நகரத்தையே எழுப்பத் தொடங்கினார். எண்பது வருடம்கூட ஆகவில்லை, உள்நாட்டுக் கலகத்தில் அது சூறையாடப்பட்டது. நம் வளாக நீரூற்றோ மோட்டார் பழுதாகி, இப்போது கொசு வளர்க்கிறது. அதற்குக் கலகம் எதுவும் தேவைப்படவில்லை. யார் பொறுப்பு என்று எழுதி வைக்காதது போதும்.

பராந்தகனின் கடைசிக் காலம் கசப்பானது. 949-ல் தக்கோலத்தில் இராட்டிரகூடர்களோடு நடந்த போரில், யானை மேலிருந்த இராசாதித்தன் உயிரிழந்தான். தொண்டை மண்டலம் கையை விட்டுப் போயிற்று. கி.பி. 955 வாக்கில் பராந்தகன் காலமானபோது இந்தப் பகுதியே சோழர்களிடம் இல்லை. அந்த இரண்டு தீர்மானங்களும் இன்றும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.