துடைப்பம் பிடித்த கைகளும் தாதிப் பட்டமும்: மேரி எலைசா மஹோனி

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் வீடுகளிலே அடிக்கடி கேட்கும் பேச்சுகளில் தாதியர் பயிற்சியும் ஒன்றாகிவிட்டது. பகலில் முதியோர் இல்லமொன்றில் துப்புரவுப் பணி, மாலையில் மொழி வகுப்பு, இடையிலே தாதியர் கல்லூரிக்கான விண்ணப்பம் என்று ஓடித் திரியும் எமது பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். வயது முப்பதைத் தாண்டிவிட்டதே, இனி எங்கே படிப்பது என்று மனம் தளர்ந்தவர்களும் அவர்களுள் உளர். அவர்களை எண்ணும்போதெல்லாம் எமது நினைவுக்கு வருபவர், சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் தமது முப்பத்து மூன்றாவது வயதில் மாணவியாகச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவில் முறைப்படி பயிற்சி பெற்றுப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத் தாதி மேரி எலைசா மஹோனியே அவர்.

மேரி 1845ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, வட கரோலினாவை விட்டு வடக்கே வந்தவர்கள். தென் மாநிலங்களில் அடிமைமுறை சட்டப்படி நிலவிய காலம் அது. பிறந்த மண்ணிலே வாழ முடியாது வேறிடம் தேடிச் சென்றோரின் பிள்ளை என்பதைத் தவிர, அவருடைய இளமைக்காலம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1855இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம் பாடசாலைகளில் இனப்பிரிப்பைச் சட்டத்தால் தடைசெய்தது. அதன்பின் இரு இனப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்ற பிலிப்ஸ் பாடசாலையில் அவர் கல்வி பயின்றார்.

அவருடைய வாழ்வைத் திசைதிருப்பிய இடம், பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை. அதனை 1862இல் நிறுவியவர் மரி சக்ஷெவ்ஸ்கா என்னும் பெண் மருத்துவர். அவரும் ஒரு குடியேறியே என்பதை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. போலந்து வழிவந்த குடும்பத்தில் பேர்லினிற் பிறந்து, அங்கே மருத்துவிச்சியாகப் பயிற்சி பெற்றவர். 1853இல் அமெரிக்கா வந்திறங்கியபோது ஆங்கிலம் அறியாதவர். மொழியைக் கற்று 1856இல் மருத்துவப் பட்டமும் பெற்றவர். பெண் நோயாளரைப் பெண் மருத்துவரே கவனிக்க வேண்டும், பெண்கள் மருத்துவம் பயில ஓர் இடம் வேண்டும் என்பன அவருடைய நோக்கங்களாக இருந்தன.

அம்மருத்துவமனையில் மேரி சமையல் செய்தார், துணி துவைத்தார், தரை துடைத்தார், தேவைப்பட்டபோது தாதிமாருக்கு உதவியாளாகவும் நின்றார். இவ்வாறு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. இவற்றை வீணான ஆண்டுகள் என்று கொள்வதற்கு நாம் உடன்படோம். ஒரு விடுதி எவ்வாறு இயங்குகின்றது, நோயாளி எதற்கு அஞ்சுகின்றார், சுத்தம் குறைந்தால் என்ன நேரும் என்பவற்றை அவர் புத்தகத்தைத் திறக்குமுன்பே கண்டறிந்துவிட்டார். 1872இல் அதே மருத்துவமனை தாதியருக்கான முறையான பயிற்சியைத் தொடங்கிற்று. மறு ஆண்டு அங்கு பயிற்சியை நிறைவுசெய்த லிண்டா ரிச்சர்ட்ஸ், அமெரிக்காவின் முதலாவது பயிற்சி பெற்ற தாதி எனப் போற்றப்படுகின்றார். தாம் துடைத்த தரையிலேயே மாணவிகள் நடந்து செல்வதை மேரி அதன்பின் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

1878இல் அவரும் மாணவியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். விண்ணப்பதாரிகள் இருபத்தொன்று முதல் முப்பத்தொரு வயதுக்குள் இருத்தல் வேண்டும் என்பது அன்றைய நியதி. மேரியோ அதைக் கடந்திருந்தார். அவருடைய நெடுநாளைய உழைப்பை அறிந்தவர்கள் உள்ளே இருந்தமையே கதவு திறந்ததற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. முன்பின் அறியாத ஒருவரின் விண்ணப்பமாக இருந்திருப்பின் அது ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும்.

பயிற்சிக் காலம் பதினாறு மாதங்கள். மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு ஆகிய விடுதிகளில் மாறி மாறிப் பணி. அதிகாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் நாள் இரவு ஒன்பதரை மணிக்கே முடிவடையும். நாடி பார்த்தல், உடல்வெப்பம் அளத்தல், காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்றவற்றை நோயாளியின் கட்டிலருகே நின்றே கற்கவேண்டும். இவற்றோடு மருத்துவர்களின் விரிவுரைகளும் உண்டு. கடைசி நான்கு மாதங்களில் மாணவி நோயாளரின் இல்லங்களுக்குச் சென்று தனித்து நின்று பராமரிக்க வேண்டும். கொடுக்கப்பட்ட உதவிப்பணமோ வாரத்துக்கு ஒரு டொலர் முதல் நான்கு டொலர் வரை மட்டுமே. அவ்வகுப்பிற் சேர்ந்தோர் 42 பேர். 1879இல் பயிற்சியை முடித்துத் தேறியோர் நால்வர் மட்டுமே. ஐந்தடி உயரமே உள்ள மெலிந்த உடல்வாகினரான மேரி அந்நால்வரில் ஒருவர்.

பட்டம் கிடைத்தது, வேலை? இக்காலத்தினர் இங்கே சற்று வியப்படையக்கூடும். அன்றைய மருத்துவமனைகள் தமது விடுதிகளைப் பயிற்சி மாணவிகளைக் கொண்டே நடத்திவந்தன. பட்டம் பெற்றவருக்கு அங்கே இடம் அரிது. ஆகவே பெரும்பாலான தாதிமார் வசதி படைத்த குடும்பங்களின் இல்லங்களிலே தனியார் தாதியாகப் பணிபுரிந்தனர். பொஸ்டனில் இதற்கென ஒரு தாதியர் பதிவேடு மருத்துவ நூலகத்திலே பேணப்பட்டு வந்தது. தாதி வேண்டுவோர் அங்கே விசாரிப்பர். பணிபுரிந்த இல்லத்தார் தரும் நற்சான்றே அடுத்த வேலையைப் பெற்றுத் தரும். மேரியும் தமது பெயரை அங்கே பதிந்துகொண்டார்.

இப்பணியில் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளையர் வீட்டுக்குள் ஒரு கறுப்பினப் பெண் வந்தால் அவளை வேலைக்காரி என்று கொள்வதே அக்கால வழக்கம். நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் சமையலையும் சலவையையும் சேர்த்துச் சுமத்தவும் வீட்டார் தயங்கார். பதினைந்து ஆண்டுகள் அவ்வேலைகளையே செய்தவர் மேரி. அவற்றை இழிவாகக் கருதியிருப்பார் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் தாம் வந்திருப்பது தாதியாக என்பதில் அவர் உறுதியாக நின்றார். வீட்டுப் பணியாளரோடு சேர்ந்து உணவருந்த மறுத்து, சமையலறையிலே தனியாக அமர்ந்து உண்டார். இதனைச் செருக்கு என்று கூறுவோரும் இருக்கலாம். தாமே அத்தகைய பணியாளராக இருந்தவர் அவர்களை விட்டு விலகி அமர்வது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்று எண்ணுகையில் எமக்கும் மனம் சங்கடப்படவே செய்கின்றது. எனினும், தாதித் தொழில் வேறு, வீட்டு ஊழியம் வேறு என்பதை அந்த வீட்டாருக்கு உணர்த்த அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய பொறுமையும் திறமையும் விரைவிலே பரவின. மாசச்சூசெட்சுக்கு அப்பாலிருந்தும் அழைப்புகள் வந்தன. பல தசாப்தங்கள் அவர் இப்பணியிலே நிலைத்திருந்தார். திருமணம் செய்யவில்லை. அவர் திறந்த கதவு வழியே வேறு சில கறுப்பினப் பெண்களும் அதே மருத்துவமனையில் பட்டம் பெற்றனர்.

1896இல் அமைந்த தாதியர் சங்கத்தில் மேரி தொடக்கத்திலேயே சேர்ந்தார். அதுவே பின்னாளில் அமெரிக்கத் தாதியர் சங்கம் ஆயிற்று. ஆனால் கறுப்பினத் தாதிமாரின் குறைகளுக்கு அங்கே செவி கிட்டவில்லை. 1908இல் மார்த்தா மினெர்வா பிராங்ளின் என்பவரின் முயற்சியால், பட்டம் பெற்ற கறுப்பினத் தாதியருக்கெனத் தனியான தேசியச் சங்கம் நியூயோர்க்கில் உருவானது. மறு ஆண்டு பொஸ்டனில் நடைபெற்ற அதன் முதலாவது மாநாட்டில் வரவேற்புரை நிகழ்த்தியவர், அப்போது அறுபது வயதைக் கடந்திருந்த மேரி. தாதியர் கல்வியில் நிலவிய ஏற்றத்தாழ்வுகளை அவர் அங்கே வெளிப்படையாக எடுத்துரைத்தார். சங்கம் அவரைத் தனது ஆன்மீகப் பணியாளராகத் தெரிவுசெய்து, ஆயுட்கால உறுப்புரிமையும் வழங்கிற்று.

1911இல் லோங் ஐலன்டில் கறுப்பினச் சிறார்களுக்கென இயங்கிய ஹவார்ட் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்று ஓராண்டளவு நடத்தினார். 1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது பொஸ்டனில் முதன்முதலிற் பெயர் பதிந்துகொண்ட பெண்களுள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது.

1923இல் மார்பகப் புற்றுநோய் கண்டது. மூன்றாண்டுகள் அதனோடு போராடி, 1926 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். எவரெட் நகரின் வூட்லோன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் முன்னின்று வரவேற்ற அச்சங்கம் 1936இல் அவர் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்திற்று. 1951இல் அச்சங்கம் அமெரிக்கத் தாதியர் சங்கத்துடன் இணைந்த பின்னரும் அவ்விருது தொடர்ந்தது. 1973இல், முன்னர் அவ்விருதைப் பெற்ற ஹெலன் மில்லர் என்னும் தாதியின் முயற்சியால் மேரியின் கல்லறையில் நினைவுச்சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. அவர் பயின்ற மருத்துவமனை இன்று டிமொக் என்னும் பெயரில் றொக்ஸ்பரிப் பகுதி மக்களுக்கான சுகாதார நிலையமாக இயங்கிவருகின்றது.