வாஸ்கோ ட காமா

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சூழ்ந்த செம்மண் நிலங்களில் முந்திரி மரங்கள் மிகுதி. அம்மரத்தின் தாயகம் பிரேசில் நாடாகும். அதனை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர். சாவி, சன்னல், அலமாரி என நாம் நாளும் வழங்கும் சொற்களும் அவர்கள் மொழியினின்று வந்தனவே. அவர்கள் ஈண்டு வருதற்கு வழி திறந்தவர் வாஸ்கோ ட காமா.

இவர் போர்த்துக்கல் நாட்டின் சீனிஷ் என்னும் கடற்கரையூரிற் பிறந்தவர். அந்நாளில் நம் நாட்டு மிளகு, அராபியரும் வெனிஸ் நகரத்தாரும் கைம்மாற்றியே ஐரோப்பாவை அடைந்தது. அதனால் விலையும் மிக உயர்ந்தது. ஆதலின் இந்தியாவுக்கு நேர்வழி காணுமாறு மன்னர் மானுவேல் காமாவை ஏவினார்.

1497-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் காமா நான்கு கப்பல்களுடன் லிஸ்பன் நகரினின்று புறப்பட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழை ஆப்பிரிக்காவின் மாலிந்தித் துறையை அடைந்தார். அவ்வூர் மன்னர் அளித்த மாலுமி பருவக்காற்றின் இயல்பை நன்கறிந்தவர். அவர் வழிகாட்ட, இருபத்துமூன்றே நாட்களிற் கடலைக் கடந்து, 1498 மே 20-இல் கோழிக்கோட்டை அணுகினார். காமா கண்ட புதுவழியின் இறுதிப் பகுதி அராபியரும் குசராத்தியரும் நெடுங்காலமாக ஓடிப் பழகிய பழைய வழியே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர் அவரை வரவேற்றார். காமா கொணர்ந்த காணிக்கையோ துணி, தொப்பி, பவளச் சரம், கை கழுவும் கலம், சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியன. சீனத்துப் பட்டும் பீங்கானும் வந்து குவிந்த துறைமுகம் அது! கண்டோர் நகைத்தனர். கருதிய உடன்படிக்கை கைகூடவில்லை. மனங்கசந்த காமா, காற்று வாகாகத் திரும்புமுன்னரே கரையை விட்டு நீங்கினார். முன்பு இருபத்துமூன்று நாளிற் கடந்த கடலைக் கடக்க இப்போது ஏறக்குறைய மூன்று திங்கள் ஆயிற்று. காயும் கனியும் இன்மையால் மாலுமிகள் ஈறு வீங்கி நோயுற்றனர். நாள்தோறும் பிணங்கள் கடலில் இடப்பட்டன. செலுத்த ஆளின்மையால் ஒரு கப்பலைத் தாமே எரிக்க நேர்ந்தது. உடன் சென்றவருட் பாதிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை.

1502-இல் காமா பெரும் படையுடன் மீண்டும் வந்தார். மெக்காவினின்று திரும்பிய யாத்திரிகர் கப்பலொன்றை மறித்துக் கொள்ளையிட்டு, பெண்டிரும் பிள்ளைகளும் கதறவும் இரங்காது தீயிட்டார். கோழிக்கோட்டையும் பீரங்கியால் தாக்கினார். பெருங்கடலுக்கு அஞ்சாத அவரது நெஞ்சுரத்தை வியப்போர் இக்கொடுமையை மறைத்துக் கூறுதல் முறையன்று.

1524-இல் அவர் அரசப் பிரதிநிதியாக மூன்றாம் முறை இந்தியா வந்தார். கையூட்டுப் பெற்ற அதிகாரிகளை அடக்க முற்பட்ட சின்னாட்களிலேயே நோய்வாய்ப்பட்டு, டிசம்பர் 24-ஆம் நாள் கொச்சியில் இறந்தார். அவர் உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் 1539-இல் எலும்புகள் தாய்நாட்டிற்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவரை முதலில் அடக்கிய இடத்தைக் காட்டும் கல், கொச்சிப் புனித பிரான்சிஸ் ஆலயத்துள் இன்றும் உள்ளது.