1729: துறைமுகக் கிராணி இராமானுஜன் கண்ட எண்

ஜோர்ஜ்டவுன் – கப்பல், கிடங்கு, கணக்குப் புத்தகம் என்று துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழர் குடும்பங்கள் பினாங்கில் ஏராளம். கணித மேதை சீனிவாச இராமானுஜனும் அப்படிப்பட்ட ஒரு துறைமுகக் கிராணியாக இருந்தவர்தான்.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கு எழுதியவர். பள்ளியில் பரிசுகள் வாங்கிய இராமானுஜன், கல்லூரியில் கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செலுத்தவில்லை. அதனால் உபகாரச் சம்பளம் பறிபோனது. பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. தாள் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் சூத்திரங்களைக் கடிதமாக அனுப்பினார். ஹார்டி அவற்றின் மதிப்பை உணர்ந்தார். 1914 மார்ச்சில் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே முதல் உலகப் போர்க் காலம். கடும் குளிர், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. உடல் நலிந்தது. லண்டன் புட்னியில் சிகிச்சை பெற்றபோது பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார்.

ஓர் எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவது கனம். 1-இன் கனம் 1, 12-இன் கனம் 1728, கூட்டினால் 1729. 9-இன் கனம் 729, 10-இன் கனம் 1000. கூட்டினால் அதே 1729.

அந்தக் கணத்தில் உதித்த விடையல்ல இது. இரண்டு கனங்களின் கூட்டு இன்னொரு கனம் ஆவதில்லை. ஆனால் ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ தவறிப்போகும் எண்களை அவர் ஆராய்ந்து வந்தார். 1729 அவற்றுள் ஒன்று. 1728-ஐவிட ஒன்றுதான் அதிகம்.

இந்த எண்ணில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19. அதைத் திருப்பிப் போட்டால் 91. இரண்டையும் பெருக்கினால் மீண்டும் 1729!

1918-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. மறு ஆண்டு நோயோடு ஊர் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 32. இறுதிக் காலத்தில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல்தான் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

தேர்வில் தேறாத பிள்ளையை மக்கு என்று ஒதுக்கும் பெற்றோர் இவர் கதையை நினைக்க வேண்டும். இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் 4104-ஐக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு விதமாக எழுதக்கூடிய அடுத்த எண் அது.