நெருக்கடியிலும் நடந்த தேர்தல்

மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கெடாவின் அலோர் ஸ்டார் நகரில் பிறந்தார். சுல்தானின் மகனாக இருந்தும் கூலிம், சுங்கை பட்டாணி முதலிய மாவட்டங்களில் அரசு அதிகாரியாகப் பணியாற்றினார். வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த அவ்வட்டாரங்களின் மக்கள் வாழ்வை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1948-இல் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தால் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு, உணவுப் பொருள்களுக்கும் கட்டுப்பாடு. எனினும், அமைதி திரும்பும்வரை தேர்தலுக்காகக் காத்திருக்கத் துங்கு விரும்பவில்லை. பொது மன்னிப்பு வழங்கி அவசரகாலத்தை முடிக்க முயல்வதாக அவரது கூட்டணி மக்களிடம் உறுதியளித்தது.

1955-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. துங்கு கெடாவின் சுங்கை மூடா தொகுதியில் வென்றார். தேர்தல் நடந்த 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி கைப்பற்றியது. ஆனால், குடியுரிமை இல்லாததால் தோட்டத் தொழிலாளர் பலரால் அன்று வாக்களிக்க இயலவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 28, 29-ஆம் நாள்களில், பாலிங் நகரிலுள்ள பள்ளி ஒன்றில் துங்கு கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தார். கம்யூனிஸ்டுக் கட்சியை அங்கீகரிக்க அவர் மறுத்ததால் பேச்சு தோல்வியுற்றது. ஆயினும், மக்கள் தேர்ந்தெடுத்த தலைவராக அவர் பேசியது அவருடைய மதிப்பை உயர்த்தியது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெறும் வழியும் விரிவடைந்தது. 1959-இல், அவசரகாலம் முடியும் முன்பே, மக்கள் மீண்டும் வாக்களித்தனர்.

1969-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் தீபகற்பத்தில் தேர்தல் நடந்தது. மூன்றே நாளில் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டு உயிர்களைப் பறித்தது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டது, சபா, சரவாக் தேர்தல்கள் தடைபட்டன. துங்குவுக்கு இது பெரும் வேதனை அளித்தது. நின்ற தேர்தல்கள் 1970-இல் நிறைவுற்றன. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பதவி விலகினார். 1971-இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது.

துங்கு 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். நெருக்கடி தேர்தலைத் தாமதப்படுத்தலாம். ஆனால், மக்களின் வாக்குரிமையைப் பறித்துவிடக் கூடாது. கெடா மண்ணின் மைந்தரான துங்குவின் வாழ்வு இதனை நமக்கு உணர்த்துகிறது.